மூன்று பாட்டில், ஒரு சிரிஞ்சு: குளிர்ப்பிரதேசச் சிவப்பு ஒயின் பிளெண்டை வீட்டிலேயே பழகுவது எப்படி?

குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ டேஸ்டராக இருக்கிறேன். காலையில் மேஜைமேல் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி எடுத்து, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்ப வேண்டும். நிறத்துக்கு ஒரு தோட்டத்து இலை, வாசனைக்கு இன்னொன்று, திடத்துக்கு வேறொன்று என்று சேர்ப்போம். வெவ்வேறு ஒயின்களைக் கலந்து செய்யும் சிவப்பு ஒயின் பிளெண்டும் இதே கணக்குத்தான் என்று புரிந்த நாளிலிருந்து அதை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆசை. 21 வயது நிரம்பியவர்கள் மட்டும் தொடருங்கள்.

முதலில் பாட்டிலைத் திறக்காதீர்கள், டீ போடுங்கள்

சிவப்பு ஒயினில் புதியவர்களைத் தடுமாற வைப்பது துவர்ப்பு. "கசக்குது" என்று சொல்லிவிடுவார்கள். கசப்பு வேறு, துவர்ப்பு வேறு. மூன்று டம்ளரில் பால், சர்க்கரை இல்லாமல் வெறும் டீ போடுங்கள். ஒன்றை 2 நிமிடத்தில் வடிகட்டுங்கள், அடுத்ததை 5 நிமிடத்தில், கடைசியை 10 நிமிடத்தில். மூன்றாவதைக் குடித்ததும் ஈறும் கன்னத்தின் உள்பக்கமும் வறண்டு இழுக்கும். அந்த இழுப்புதான் டானின். இப்போது முதல் டம்ளரில் எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டுக் குடியுங்கள். வாயின் இருபுறமும் நீர் ஊறும். அது அமிலம். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வாங்க வேண்டியவை

ஒவ்வொன்றும் ஒரே ஒரு திராட்சை ரகத்தில் செய்த மூன்று ஒயின்கள்: கேபர்நே சாவிஞோன், மெர்லோ, சிரா. சிராவும் ஷிராஸும் ஒரே திராட்சைதான், லேபிளில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி. கோவை போகும்போது டாஸ்மாக் எலைட் கடையில் தேடலாம். லேபிளில் பிரான்ஸின் போர்டோ, ஆஸ்திரேலியாவின் கூனவாரா, யாரா பள்ளத்தாக்கு, நியூசிலாந்தின் ஹாக்ஸ் பே போன்ற குளிர் ஊர்ப்பெயர்களைப் பாருங்கள். ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. மெடிக்கல் ஷாப்பில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு, ஒரே அளவுள்ள கண்ணாடி கிளாஸ் மூன்று, வெள்ளைத்தாள், தண்ணீர், உப்பில்லாத ரொட்டி. ஊட்டி வர்க்கியை அன்றைக்குத் தள்ளி வையுங்கள். அதன் கொழுப்பு நாக்கில் படிந்தால் டானின் தெரியாது.

குளிர் திராட்சையை என்ன செய்கிறது?

வெயில் கொளுத்தும் ஊரில் பழத்துக்குள் இருக்கும் மாலிக் அமிலம் சீக்கிரம் கரைந்துபோகும், சர்க்கரை வேகமாக ஏறும். குளிரில் அமிலம் நிற்கும். பழம் நிதானமாகக் கனிவதால் வாசனையும் சேர நேரம் கிடைக்கும். நம் மலையில் டிசம்பர், ஜனவரியில் கொழுந்து மெதுவாக வரும், எடை குறையும், ஆனால் அந்த டீயின் மணமே தனி. கிட்டத்தட்ட அதே கதை.

ஆனால் கேபர்நே தாமதமாகக் கனியும் ரகம். குளிர் முந்திக்கொண்டால் பழம் முழுசாகக் கனியாது, ஒயினில் குடைமிளகாய் வாசனை தூக்கும். குடைமிளகாயில் இருக்கும் அதே வகைச் சேர்மம்தான் இங்கும் காரணம். மெர்லோ அதைவிட ஓரிரு வாரம் முன்னால் கனிந்துவிடும். அதனால்தான் குளிர் ஊர்களில் இரண்டையும் சேர்த்து நடுகிறார்கள். பிளெண்ட் என்பது தோட்டத்தில், கொடி நடும்போதே தொடங்கிவிடுகிற விஷயம்.

எனக்குப் பிடித்த உதாரணம் நியூசிலாந்தின் ஹாக்ஸ் பேயில் உள்ள கிம்லெட் கிராவல்ஸ். 1867-இல் வந்த பெருவெள்ளத்தில் நாருரோரோ ஆறு தடம் மாறியது. பழைய ஆற்றுப்படுகை வெறும் கூழாங்கல்லாக வெளியே கிடந்தது. நூறு வருஷத்துக்கும் மேலாக யாரும் மதிக்காத நிலம். 1981-இல்தான் அங்கே ஒயினுக்காகத் திராட்சை நட்டார்கள். கல் பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் விடுகிறது, மழைநீர் தேங்காமல் இறங்கிவிடுகிறது. குளிர் நாட்டில் கேபர்நேயைக் கனியவைக்க அந்தச் சூடு கைகொடுக்கிறது.

நம் மலையிலும் குளிர் இருக்கிறதே, நடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே இரண்டு பருவமழை, விடாத மூடுபனி. இலையிலும் குலையிலும் பூஞ்சை விழும். கொடி இலையுதிர்த்து முழுசாக உறங்கும் பனிக்காலமும் இல்லை. குளிர் மட்டும் போதாது.

தனித்தனியாக ருசி பாருங்கள்

கிளாஸுக்கு 30 மில்லி. நம் ஊர் ஜனவரி காலையில் பாட்டில் ரொம்பச் சில்லென்று இருக்கும், அப்போது துவர்ப்பு தூக்கலாகத் தெரியும். கிளாஸை உள்ளங்கையில் ஏந்திக் கொஞ்சம் சூடேற்றுங்கள். 15 முதல் 18 டிகிரி சரியானது. சமவெளியில் இருப்பவர்கள் ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து எடுங்கள்.

முகருங்கள், உறிஞ்சுங்கள், உருட்டுங்கள், துப்புங்கள். துப்பக் கூச்சப்பட்டால் நாலாவது கிளாஸில் நாக்கு சொல்வதை நம்ப முடியாது.

கேபர்நேயின் ருசி வாயில் வைத்ததும் அழுத்தமாக இருக்கும், கடைசியிலும் அழுத்தமாக இருக்கும், நடுவில் ஒரு பள்ளம் இருக்கும். மெர்லோ அந்தப் பள்ளத்தை நிரப்பும். கொடைக்கானல் பிளம்ஸைத் தோலோடு கடித்த ஞாபகம் வரும். சிராவில் மிளகு வாசனை வருகிறதா பாருங்கள். ரோட்டண்டோன் என்ற சேர்மம் மிளகிலும் உண்டு, குளிர் ஊர்ச் சிராவிலும் உண்டு. எஸ்டேட்டில் சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக்கொடியில் நாலு மணி பறித்து நசுக்கி, கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்து மாறி மாறி முகர்ந்தேன். அன்றிலிருந்து அந்த வாசனையை நான் தவறவிட்டதில்லை.

இனி கலக்கலாம்

மூன்று கிளாஸ், ஒவ்வொன்றும் 50 மில்லி. அடியில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அ: கேபர்நே 35, மெர்லோ 15
ஆ: கேபர்நே 25, மெர்லோ 25
இ: கேபர்நே 30, மெர்லோ 15, சிரா 5

ஒயின் மாற்றும்போது சிரிஞ்சைத் தண்ணீரில் அலசி உதறுங்கள். கலக்கியதும் குடிக்காதீர்கள், 20 நிமிடம் விடுங்கள். பிறகு வீட்டில் ஒருவரை கிளாஸ்களை இடம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். எது எது என்று தெரியாமல் பார்த்தால்தான் உண்மை வரும்.

துவர்ப்பு இழுத்தால் மெர்லோவைக் கூட்டுங்கள். சப்பென்று இருந்தால் கேபர்நே. இரண்டும் சரியாக இருந்தும் வாசனை அடங்கியிருந்தால் சிரா. ஒரு தடவைக்கு 2.5 மில்லிதான், அதுவே 5 சதவீதம். சிராவில் அந்த 5 சதவீதமே கிளாஸின் முகத்தை மாற்றும், அதனால் அவசரம் வேண்டாம். ஆறு மாதிரிக்கு மேல் போனால் நாக்கு களைத்துவிடும். அங்கே நிறுத்துங்கள்.

பிடித்த அளவை நோட்டில் எழுதி, 100 மில்லி கலந்து சின்ன பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மாலை எடுத்து, குளிர் விட்டதும் ருசி பாருங்கள். என் முதல் பிளெண்டில் கலந்த அன்று தனியாகத் துருத்திய மிளகு, மறுநாள் பிளம்ஸுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.