கச்சானும் ஏழாம் வாய்ப்பாடும்

2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது மகள் தரம் 4. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு வகுப்பறை நடத்தினேன்: காலை எட்டு மணி, மேசை, கொப்பி. மூன்றாம் கிழமை, கணிதக் கொப்பியைக் கண்டாலே வயிறு நோகுது என்றாள். ஒருநாள் பெருக்கல் பிழைக்க, நான் சத்தம் போட்டுவிட்டேன். "அம்மா, நான் மொக்குப் பிள்ளையோ?" என்று கேட்டாள். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

இரண்டு நாள் கொப்பியைத் தொடவில்லை. திண்ணையில் விதைக்கென்று கச்சான் (நிலக்கடலை) தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, அவளாகவே எட்டெட்டாக ஏழு வரிசை அடுக்கி எண்ணினாள். "ஐம்பத்தாறு!" முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்குக் கணக்கில் பயமில்லை, என் முன்னால் பிழைவிடத்தான் பயம் என்று அப்போதுதான் விளங்கியது.

பிறகு மேசையை விட்டோம். கணிதம் திண்ணையில், இருபது நிமிடம் மட்டும். பிழைத்தால் "திரும்ப அடுக்கிப் பார்ப்பம்" என்பேன், அவ்வளவுதான். கண் கலங்கினால் உடனே நிறுத்தி, மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றப் போவோம். வாசிப்பு இரவில், அம்மம்மாவுக்கு. அவவுக்குக் கண் தெளிவில்லை; ஆகவே மகள் நிறுத்தி நிறுத்தி, உரக்க வாசித்தாள். வாய்ப்பாடு மனப்பாடமும் வேண்டும்தான், ஆனால் கைக்கு விளங்கிய பிறகு. ஏழாம் வாய்ப்பாட்டை ஒரு மாதத்தில் அவளே கரித்துண்டால் குசினிச் சுவரில் எழுதிவைத்தாள். நான் அழிக்கவில்லை.