மழைக்காலத்துக்கு ஒரு சாண்டல்

பெட்டியிலேயே கிடந்த ஸ்போர்ட்ஸ் சாண்டலை எடுத்துப் போட்டு நாலு எட்டு வைப்பதற்குள் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் நுரையில் செய்த சோலுக்கு இந்த வியாதி உண்டு. காற்றிலுள்ள ஈரத்தாலேயே இற்றுப்போகும். போடாமல் வைத்தால் மட்டும் தப்பாது. ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது.

புதிது வாங்கச் சாயங்காலமாகப் போனேன். நாள் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. என் வலது கால் கொஞ்சம் பெரிது, அதற்குத்தான் போட்டுப் பார்த்தேன். சோலைக் கையால் வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நட்டநடுவில் மடங்கினால் வேண்டாம். ஒன்று இறுக்கமாக இருந்தது. "போடப் போட லூசாயிடும் சார்" என்றார் கடைக்காரர். நைலான் பட்டை தோல் மாதிரி இளகிக் கொடுக்காது, அதனால் அதைத் திருப்பி வைத்துவிட்டேன். எடுத்ததன் சோலில் அடியில் ரப்பர், அதன்மேல் ஈவிஏ என்ற மெத்தென்ற நுரை, குதிகால் பட்டையையும் இழுத்துச் சரிசெய்யலாம்.

அப்புறம், தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்து சோலைச் சுற்றி மெழுகு நூலில் தையல் போட்டுக்கொண்டேன். பசை விட்டாலும் தையல் தாங்கும். வெல்க்ரோ பிடிக்காமல் போனபோது அதில் சிக்கிய நூலையும் முடியையும் குண்டூசியால் நெம்பி எடுத்தேன், மறுபடி கெட்டியாகப் பிடிக்கிறது.