‘நான் அப்பவே சொன்னேன்’: தலைவருக்குக் கீழே வேலை செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலைவர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. விமானத் துறை அதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது.

1977 மார்ச் 27, ஸ்பெயினின் கேனரி தீவுகளில் உள்ள டெனெரிஃப். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்கள் இங்கே திருப்பி விடப்பட்டிருந்தன. கடும் மூடுபனி. ஓடுபாதையின் முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் போயிங் 747 நிற்கிறது. அதே பாதையில், கண்ணுக்குத் தெரியாமல், பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 ஊர்ந்து வருகிறது. கே.எல்.எம். கேப்டன் மற்ற விமானிகளுக்கே பயிற்சி தருபவர். அருகில் இருந்த துணை விமானிக்குத் தகுதித் தேர்வு நடத்தியவரும் அவர்தான். அவர் முதலில் கிளம்ப முயன்றபோது, அனுமதி இன்னும் வரவில்லை என்று துணை விமானி சொன்னார். கேப்டன் நிறுத்தினார். சற்று நேரத்தில் மறுபடி கிளம்பினார். இந்த முறை துணை விமானி தடுக்கவில்லை. விமானி அறையில் உடனிருந்த விமானப் பொறியாளர் மட்டும், பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னதும் அவரும் அடங்கிவிட்டார். இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அந்த இருவருமே வாய் திறந்தவர்கள் என்பதைக் கவனியுங்கள். ஒருமுறை சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். பதில் திருப்தியாக இல்லையென்றால் இரண்டாம் முறையும் சொல்ல வேண்டும் என்று இன்று விமானிகளுக்கும் பல மருத்துவமனைகளின் அறுவை அரங்குக் குழுக்களுக்கும் பயிற்சி தருகிறார்கள்.

அடுத்தது, எச்சரிக்கையைக் கேள்வியாக மாற்றிச் சொல்வது. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகருக்கு மேலே யுனைட்டெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று சக்கரக் கோளாறைச் சரிபார்த்தபடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றியது. எரிபொருள் குறைவதை உடனிருந்தவர்கள் பார்த்தார்கள், பேசவும் செய்தார்கள். ஆனால் உடனே இறங்கியாக வேண்டும் என்று யாரும் உடைத்துச் சொல்லவில்லை. எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது. 10 பேர் இறந்தார்கள். கட்டட வேலையிலும் இதே கதைதான். “சார், கம்பி கொஞ்சம் கம்மியா இருக்கிற மாதிரி இருக்கே?” என்றால், “அதெல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்று பதில் வரும். “சார், டிராயிங்ல 16 எம்.எம்., இங்க 12 கட்டியிருக்கு. கான்கிரீட்டை நிறுத்தணும்” என்றால் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. பார்த்தது என்ன, செய்ய வேண்டியது என்ன, இரண்டும் ஒரே மூச்சில் வர வேண்டும்.

மரியாதையையும் மௌனத்தையும் ஒன்றாக எண்ணுவது நம்மிடம் ஆழமாக ஊறிய பழக்கம். ‘அவருக்குத் தெரியாததா’ என்று விட்டுவிடுகிறோம். ‘சார்’ என்று அழைத்தபடியே தடுக்கலாம். குரலை உயர்த்தவே வேண்டாம். கூட்டத்தில் தலையாட்டிவிட்டு, டீக்கடையில் போய், “இது ஓடாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்பதுதான் உண்மையான அவமரியாதை.

எல்லாவற்றையும் எதிர்ப்பதும் தவறுதான். உயிருக்கோ நேர்மைக்கோ ஆபத்தில்லாத விஷயத்தில், கருத்தைச் சொன்ன பிறகு முடிவு வேறாக வந்தால் அதை மனமாரச் செய்து முடிக்க வேண்டும். சின்னதுக்கெல்லாம் மல்லுக்கட்டுபவரின் குரல் பெரிய ஆபத்தின்போது எடுபடாது.

தலைவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. போர்ட்லண்ட் விபத்துக்குப் பின் யுனைட்டெட் நிறுவனம் கேப்டனையும் சேர்த்து மொத்தக் குழுவுக்கும், தயங்காமல் சொல்லவும் சொன்னதைக் கேட்கவும் பயிற்சி தரத் தொடங்கியது. 1989 ஜூலையில் அந்த நிறுவனத்தின் டிசி-10 விமானம் ஒன்று, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் ஹைட்ராலிக் அமைப்புகள் மூன்றையும் நடுவானில் இழந்தது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ், பயணியாக வந்திருந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் டென்னிஸ் ஃபிட்ச்சை உள்ளே அழைத்து எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோல்களை அவர் கையில் கொடுத்தார். எல்லோரும் யோசனை சொன்னார்கள், ஹெய்ன்ஸ் காதுகொடுத்துக் கேட்டார். விமானம் அமெரிக்காவின் சூ நகரில் நொறுங்கித்தான் இறங்கியது. இருந்த 296 பேரில் 184 பேர் உயிர் பிழைத்தார்கள். இத்தனை பேர் பிழைத்ததற்கு அந்தப் பயிற்சிதான் காரணம் என்று ஹெய்ன்ஸ் பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார்.