ஆத்தங்குடித் தரையில் கன்ப்லா: முதல் பெட்டியைக் கட்டும் முறை

கன்ப்லா என்றால் கன்டம் ரோபோக்களின் பிளாஸ்டிக் மாதிரி. 1979இல் ஜப்பானில் கன்டம் தொலைக்காட்சித் தொடர் வந்தது. 1980 ஜூலையில் பண்டாய் என்னும் பொம்மை நிறுவனம் முதல் 1/144 (144இல் ஒரு பங்கு அளவு) பெட்டியை 300 யென்னுக்கு விற்றது. இன்றும் புதிதாகத் தொடங்குபவருக்கு அந்த அளவுதான் சரி. கதையில் 18 மீட்டர் நிற்கும் ரோபோ மேசையில் 12.5 சென்டிமீட்டர் வரும்.

முதலில் தொடக்கநிலை வரிசையான எண்ட்ரி கிரேடில், தொடரின் நாயக ரோபோ ஆர்எக்ஸ்-78-2 வாங்குங்கள். கருவியே வேண்டாம், பாகங்களைக் கையாலேயே கழற்றலாம். அடுத்தது ஹெச்ஜி (ஹை கிரேடு), இதற்குப் பாகங்களை வெட்டி எடுக்க நிப்பர் என்னும் சிறு குறடு வேண்டும். ஆர்ஜியும் (ரியல் கிரேடு) 1/144தான், ஆனால் பாகங்கள் அரிசி அளவுக்குச் சிறுத்துவிடும். அதை மூன்றாவது பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள். கையேடு ஜப்பானிய மொழியில் இருந்தால் மலைக்க வேண்டாம். எழுத்து, பாகங்கள் கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டங்களில் எது என்று சொல்லும், எண் எந்தப் பாகம் என்று சொல்லும். மற்றதெல்லாம் படம்.

உட்காரும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்த சின்னப் பாகம் பூவேலைக்குள் கலந்துவிடும், கண்ணில் படாது. முற்றத்து ஓரமாக உட்கார்ந்தால் நீர்ப்போக்கித் துவாரத்துக்குள்ளேயே போய்விடும். வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, அதன்மேல் விளிம்பு உயர்ந்த மங்குத் தட்டை வைத்து, அதற்குள்ளேயே வெட்டுங்கள். அப்படியும் விழுந்தால் விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடியுங்கள். பாகத்தின் நிழல் நீளமாக விழுந்து இடத்தைக் காட்டிவிடும். ஸ்டிக்கர் ஒட்டும்போது மட்டும் மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

வெட்டுவதில்தான் எல்லாமே இருக்கிறது. பாகத்தை ஒட்டியே ஒரே வெட்டாக வெட்டினால் நிப்பரின் அழுத்தம் முழுவதும் பாகத்தில் இறங்கும், அந்த இடம் வெளுத்துப்போகும். கருநீலம், சிவப்பு போன்ற அடர் நிறங்களில் இது அசிங்கமாகத் தெரியும். அதனால் முதல் வெட்டு பாகத்திலிருந்து 2, 3 மில்லிமீட்டர் தள்ளி. இரண்டாவது வெட்டில் நிப்பரின் தட்டையான பக்கம் பாகத்தைப் பார்க்கட்டும், அரை மில்லிமீட்டர் மிச்சம் விடுங்கள். அந்த மிச்சத்தைத் தேய்த்து எடுக்க ஹார்டுவேர் கடை வாட்டர் பேப்பரே போதும்: நம்பர் 400, பிறகு 600, 800, 1000. நம்பரைத் தாண்டிப் போனால் முந்தைய கீறல் அப்படியே நிற்கும். ஒளி ஊடுருவும் பாகங்களைத் தேய்க்காதீர்கள், மங்கிவிடும். கத்தியால் மெல்லச் சீவினால் போதும்.

பாகங்கள் அழுத்தினாலே பொருந்தும், பசை தேவையில்லை. முழுதாக அழுத்துவதற்கு முன் படத்தோடு திசையை ஒப்பிடுங்கள். தவறிப்போனால் பிரிக்கும் கருவியை இடுக்கில் நுழைத்து நெம்புங்கள். நகத்தாலோ கத்தியாலோ நெம்பினால் விளிம்பு நசுங்கும்.

பாகங்களின் மேல் பள்ளமாக ஓடும் கோடுகளுக்கு மை இழுத்தால் ரோபோ உயிர் பெறும். வெள்ளைக்குச் சாம்பல், சிவப்புக்கும் மஞ்சளுக்கும் பழுப்பு, நீலத்துக்குக் கறுப்பு. முதல் பெட்டிக்கு மெல்லிய முனை கன்டம் மார்க்கரே நல்லது. ஓடிப் பரவும் இனாமல் மையை மேற்பூச்சு இல்லாத பிளாஸ்டிக்கில் தொடாதீர்கள். ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் மூட்டுகளுக்குள் அதன் கரைப்பான் இறங்கினால், மறுநாள் பார்க்கும்போது விரிசல் விட்டிருக்கும்.

கடைசியில் மேட் ஸ்ப்ரே, அதாவது பளபளப்பை மங்கவைக்கும் நிறமற்ற மேற்பூச்சு. பொம்மைப் பளபளப்பு போய் இரும்பின் கனம் வருவது இதனால்தான், தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். ஏரோசால் டப்பாக்களை விமானத்தில் ஏற்றுவது கடினம், ஆகவே ஜப்பானிலிருந்து வரவழைக்க முயலாமல் இந்தியக் கடைகளிலேயே கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை நாளில் அடிக்கவே கூடாது. கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றின் ஈரம் பூச்சுக்குள் படிந்து வெள்ளைப் படலமாக நிற்கிறது. அப்படி ஆகிவிட்டால் காய்ந்த நாளாகப் பார்த்து மேலே மறுபடி மெல்லியதாக ஒரு பூச்சு அடியுங்கள், பெரும்பாலும் தெளிந்துவிடும். சித்திரை வெயிலில் தொந்தரவு வேறு: துளிகள் பாதி வழியிலேயே காய்ந்து மணல் மணலாக ஒட்டும். காலை 8 மணி வாக்கில், காற்று ஓய்ந்திருக்கும்போது மொட்டைமாடியில் அடியுங்கள். டப்பாவை வெயிலில் வைக்காதீர்கள், அடுப்புப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள்.

ஒளி ஊடுருவும் பாகங்களை முன்கூட்டியே கழற்றிவிடுங்கள், மேட் பட்டால் பனி பிடித்தாற்போல் ஆகும். கை, கால், உடல் எனப் பிரித்துக் குச்சியில் கவ்வித் தெர்மாகோலில் குத்துங்கள். 25 சென்டிமீட்டர் தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் வீசி, மெல்லியதாக இரண்டு மூன்று முறை. நடுவில் 20 நிமிடமாவது விடுங்கள், முடிந்தபின் ஒரு நாள் முழுதும் காயட்டும். காட்சிக்கு வைக்கும்போது முற்றத்து வெயில் நேரே விழாத கண்ணாடி அலமாரியாகப் பாருங்கள். வெயில் பட்டால் வெள்ளைப் பாகங்கள் மஞ்சளாகிவிடும்.