சீன மொழியில் ‘என்ன நடந்தது’ என்று சொல்வது எப்படி? ‘ஷ்ர்’ படுத்திய பாடு

மாண்டரின் கற்கத் தொடங்கிய நாலாவது மாதம். ‘நாளை அலுவலகத்தில் ஒரு நிகழ்ச்சி, வகுப்புக்கு வர முடியாது’ என்று ஆசிரியையிடம் சொல்ல வேண்டும். அகராதியில் கண்ணில் பட்டது ஷ்ர்-ஜ்யென். அதையே சொன்னேன். “ஐயோ, போலீஸ் வந்திருக்கிறதா?” என்று கேட்டார். கேக் வெட்டத்தான் ஏற்பாடு!

தொனிகளும் (பொருளை மாற்றும் குரல் ஏற்ற இறக்கம்) பின்யினும் (சீன உச்சரிப்பை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை) உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: ‘ஷ்ர்’ என்ற ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான்காம் தொனி. விஷயம், சங்கதி, காரியம் எல்லாம் இதுதான். பேச்சில் ஷ்ர்-ச்சிங் என்பார்கள். எண்ணிச் சொல்லும்போது எண்ணுக்கும் பொருளுக்கும் நடுவில் ஓர் அளவுச்சொல் வேண்டும், இங்கே அது ‘ஜ்யென்’: யீ ஜ்யென் ஷ்ர், ‘ஒரு விஷயம்’.

படி 2: ஷ்ர் முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று பாருங்கள். நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று போவோம். ஜ்யென் ஷ்ர் என்றால் சாதாரண விஷயம். அதே இரண்டு எழுத்தைத் திருப்பிப் போட்டு ஷ்ர்-ஜ்யென் என்றால் செய்தித்தாளில் வரும் ‘சம்பவம்’. கு-ஷ்ர் என்றால் கதை. ஷ்ர்-கு என்றால் விபத்து. ‘ஒரு ஷ்ர்-கு சொல்லட்டுமா?’ என்று குழந்தையிடம் கேட்டுவிடாதீர்கள். கதையில் வரும் ஷ்ர் தொனியில்லாமல் லேசாக ஒலிக்கும், விபத்தில் இரண்டுமே அழுத்தமாக விழும். இந்த ‘கு’வைப் பின்யினில் ஆங்கில ‘g’ எழுத்து போட்டு எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து அதிரவிட வேண்டாம், ‘குடை’யில் வரும் கு போதும். இங்கே நமக்குத் தாய்மொழி கைகொடுக்கிறது.

அப்புறம் ஷ்ர்-ப்யென். இது நாட்டையே புரட்டிப்போட்ட சம்பவத்துக்கு மட்டும். 1936 டிசம்பரில் அன்றைய சீனத் தலைவர் சியாங் கை-ஷேக்கைச் சியான் நகரில் அவருடைய தளபதியே பிடித்துவைத்தது சியான் ஷ்ர்-ப்யென். ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடிக்கக் காரணம் காட்டிய 1931 செப்டம்பர் 18 சம்பவத்தைத் தேதியை வைத்தே ஜியோ-யீ-பா, அதாவது ஒன்பது-ஒன்று-எட்டு என்கிறார்கள்.

சரி, கேக் வெட்டுவதற்கு? ஹுவோ-துங். விழா, கூட்டம், போட்டி எல்லாம் இதில் அடங்கும்.

படி 3: ‘நடந்தது’ என்பதற்கு ஃபா-ஷெங். கேட்பவருக்குத் தெரியாத புதுச் செய்தி என்றால் வினை முதலில், விஷயம் பிறகு: ஃபா-ஷெங் லெ யீ ஜ்யென் ஷ்ர். தெரிந்த சம்பவம் என்றால் அது வினைக்கு முன்னால் வந்துவிடும். ச்சூ-ஷ்ர் என்பது தனி ரகம். நேர்ப்பொருள் ‘விஷயம் வெளிப்பட்டது’தான், ஆனால் எப்போதும் கெட்டதற்கே வரும். ‘அவருக்கு ஏதாவது ஆகிவிட்டதா?’ என்று நாம் கேட்பதில் இருக்கும் பயம் அதிலும் உண்டு.

படி 4: நாலெழுத்து மரபுத்தொடர்கள். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. இரண்டு போதும். ஹுவோ பு தான் ஷிங், ‘கேடு தனியே வராது’. பட்ட காலிலே படும் என்பதேதான்.

அடுத்தது வாங் யாங் பூ லாவ், ‘ஆட்டைத் தொலைத்துவிட்டுப் பட்டியைச் சரிசெய்வது’. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நினைத்து, தாமதமாக வேலை முடித்த ஒருவரைக் கிண்டல் செய்ய இதைச் சொன்னேன். அவர் நன்றி சொன்னார்! சீனர்களுக்கு இது ஆறுதல் வார்த்தை: இப்போதாவது சரிசெய்தாயே, மிச்ச ஆடு பிழைக்கும்.

அகராதிக்குப் பிளீகோ (Pleco) செயலியே போதும், எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு வருகிறது. அங்கி (Anki) என்ற செயலியில் மனப்பாட அட்டை போடுபவர்கள் ஒற்றைச் சொல்லைப் போடாதீர்கள், அளவுச்சொல்லோடு முழு வாக்கியமாகப் போடுங்கள். விபத்துக்கு ‘ச்சீ’, மழைக்கு ‘ச்சாங்’ என்று ஆளுக்கொரு அளவுச்சொல். தனியாக நினைவில் நிற்காது.

பின்சேர்க்கை: மேய்-ஷ்ர், யோ-ஷ்ர் இரண்டையும் விட்டுவிட்டீர்களே என்று சிலர் கேட்டிருந்தார்கள். மேய்-ஷ்ர் என்றால் ‘பரவாயில்லை’. யாராவது மன்னிப்புக் கேட்டால் பதிலாகச் சொல்லலாம். யோ-ஷ்ர் என்றால் ‘வேலை இருக்கிறது’. என்ன வேலை என்று விளக்க வேண்டியதில்லை. அன்றைக்கு ஆசிரியையிடம் ‘மிங்-த்தியென் வோ யோ ஷ்ர்’ என்று நாலே சொல்லில் முடித்திருக்கலாம்.