கறுப்பு பிளாஸ்டிக்கில் காய்ந்த வாக்ஸ் வெள்ளையை எடுப்பது எப்படி

காருக்கு வாக்ஸ் போட்ட மறுநாள் பம்பர் ஓரத்திலும் சைடு மிரர் அடியிலும் உள்ள கறுப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டுகள் தெரியும். கிட்டே போய்ப் பாருங்கள்: தோல் மாதிரி சின்னச் சின்னக் குழிகள். வாக்ஸ் அதற்குள் இறங்கிக் காய்ந்திருக்கும். துணியால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் மேடு சுத்தமாகும், குழி வெள்ளையாகவே நிற்கும். பிரஷ் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

வண்டியை நிழலில் நிறுத்தி, மண் போகக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பு கலந்து, மெத்தென்ற டூத் பிரஷால் வட்டமாகத் தேயுங்கள். நுரை காயும் முன்பே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காயவிட்டால் கரைந்த வாக்ஸ் மறுபடி குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். புதுக் கறை பெரும்பாலும் இதிலேயே போய்விடும்.

போகாவிட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து, பிரஷில் தொட்டுத் தேயுங்கள். முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். பக்கத்துப் பெயிண்டில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் அங்கே போட்ட வாக்ஸும் போய்விடும். அருகில் நெருப்பு கூடாது.

ரொம்பப் பழைய கறையா? ஆல்கஹால் தொடுவதற்கு முன், பிளாஸ்டிக் உலர்ந்திருக்கும்போது, ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து நகர்த்திக்கொண்டே சூடாக்குங்கள். கை தாங்கும் சூடு போதும். இளகியதும் உடனே துடையுங்கள்.

தின்னர், பெட்ரோல் வேண்டவே வேண்டாம், பிளாஸ்டிக் வெளுத்துவிடும். டிரிம் டிரெஸ்ஸிங்கை, அதாவது கறுப்பு பிளாஸ்டிக்கின் கருமையைக் கூட்டும் பூச்சை, கறை முழுக்கப் போன பிறகே பூசுங்கள். கறைமேல் பூசினால் நாலு மழையில் வெள்ளை திரும்பத் தெரியும்.