சனம் எவ்வளவு நேரம் காத்து நிற்கிறது? ஒரு கொப்பியில் வரைந்து பாருங்கள்

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் மருந்துக்கடை நடத்துபவர்களுக்குக் காலை ஒன்பது மணி எப்படி இருக்கும் என்று தெரியும். கிளினிக் முடிந்து மருந்துத் துண்டோடு வரும் ஊர்காவற்றுறை அம்மா ஒருவர் அரை மணி நேரம் நின்று பஸ்ஸையும் விட்டுவிட்டால், முதலாளி அன்றைக்கே கவுண்டரில் நிற்கும் பிள்ளையை ஏசுகிறார். அடுத்த நாள் காத்திருப்பு குறைகிறது, ஏசினதால்தான் குறைந்தது என்று நம்பிவிடுகிறார். பெரும்பாலும் அது தானாகவே குறைந்திருக்கும். இந்த அநியாயத்தை நிறுத்தத்தான் கட்டுப்பாட்டு வரைபு வேண்டும் என்கிறேன்: நடுக்கோடும் மேல், கீழ் எல்லைக்கோடுகளும் கீறி, ஒவ்வொரு நாளின் எண்ணையும் புள்ளியாக வைத்துப் பார்க்கும் படம். 1924இல் அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வோல்டர் ஷூஹார்ட் தொழிற்சாலைப் பொருட்களின் தரத்தைப் பார்க்க உருவாக்கியது, வரிசைக்கும் நன்றாகப் பொருந்தும்.

முதலில் அளப்பது. தினமும் ஒரே நேரத்தில், ஒன்பதிலிருந்து பத்துக்குள், ஐந்து பேரின் காத்திருப்பைக் குறியுங்கள். காலை நெரிசலையும் மத்தியான அமைதியையும் கலந்தால் எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. ஆள் கடைக்குள் வந்த நிமிடத்திலிருந்து மருந்து கையில் கிடைக்கும் வரை எண்ண வேண்டும், கவுண்டருக்கு வந்த பிறகு எண்ணத் தொடங்கினால் உங்களையே ஏமாற்றுகிறீர்கள். அலுத்துப்போய் மருந்து வாங்காமலே திரும்பியவர்களையும் பக்கத்தில் கோடு போட்டு எண்ணி வையுங்கள், ஏனென்றால் அவர்கள் போகப் போக மற்றவர்களின் நேரம் அழகாகக் குறைந்து தெரியும்.

ஐந்து பேரின் நேரத்தையும் கூட்டி ஐந்தால் பிரித்து இடையை (சராசரியை) எடுத்தால் அதுதான் அன்றைய புள்ளி. தனி ஆளின் நேரத்தைப் போட வேண்டாம், ஒரு சிக்கலான துண்டு வந்தாலே நாற்பது நிமிடம் ஏறிவிடும்.

இருபது நாள் சேர்ந்ததும் கணக்கு. எல்லாப் புள்ளிகளுக்கும் இடை காணுங்கள், உதாரணத்துக்கு 14 நிமிடம் என்று வைப்போம். அப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் உள்ள வித்தியாசத்தை, கூடினதா குறைந்ததா என்று பாராமல் எழுதுங்கள்: 14, 17, 12, 15 என்றால் வித்தியாசம் 3, 5, 3. இப்படி வரும் எல்லா வித்தியாசங்களின் இடை 3 என்றால், அதை இந்த வகை வரைபுக்கென்று உள்ள மாறா எண்ணான 2.66ஆல் பெருக்க ஏறத்தாழ 8 வரும். மேல் எல்லை 14 + 8 = 22, கீழ் எல்லை 14 − 8 = 6. கீழ் எல்லை பூச்சியத்துக்குக் கீழே போனால் பூச்சியம் என்றே வையுங்கள். சதுரக் கொப்பியில் நடுக்கோடு ஒன்றும் எல்லைக்கோடு இரண்டும் கீறினால் சரி.

இங்கேதான் பலர் பிழைவிடுகிறார்கள். "பத்து நிமிடத்துக்குள் மருந்து தருவோம்" என்ற உங்கள் ஆசையை எல்லைக்கோடாகப் போடாதீர்கள். எல்லை உங்கள் கடை உண்மையில் எப்படி ஓடுகிறது என்பதைச் சொல்வது, எப்படி ஓட வேண்டும் என்பதை அல்ல.

19 நிமிடம் வந்த நாளில் யாரையும் ஏச வேண்டாம், அது இந்தக் கடையின் வழமை. 25 வந்தால் அன்றைக்கே விசாரியுங்கள்: கரண்ட் போனதா, கம்பனி லொறி ஒன்பதரைக்கு வந்து இரண்டு பேரை இழுத்துவிட்டதா, முந்தின நாள் போயா (பௌர்ணமி) விடுமுறையா? காரணத்தைப் புள்ளிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், பிறகு ஞாபகம் வராது. நாலு நிமிடம் வந்தாலும் கேளுங்கள், அன்று நல்லதாக ஏதோ நடந்திருக்கலாம், அல்லது யாரோ எண்ணை மனத்தால் எழுதியிருக்கலாம். எல்லைக்குள்ளேயே இருந்தாலும் எட்டுப் புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால் அதுவும் ஒரு செய்தி, எதுவோ மாறிவிட்டது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களையும் இதில் கலக்காமல் தனித்தாளில் வரையுங்கள்.

எல்லாம் எல்லைக்குள் இருந்தும் 14 நிமிடமே அதிகம் என்றால்? அப்போது குறை பிள்ளையிடம் இல்லை, ஒழுங்கில் இருக்கிறது. துண்டு வாங்க ஒருவர், காசு வாங்க ஒருவர் என்று பிரிக்கலாம், அடிக்கடி போகும் மருந்துகளைக் கைக்கெட்டும் தட்டுக்கு மாற்றலாம். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதியைக் குறித்துவிட்டுப் பழைய கோடுகளிலேயே புள்ளி வையுங்கள். எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டுக்குக் கீழே இறங்கி நின்ற பிறகுதான், மாற்றம் செய்த நாளிலிருந்து வந்த எண்களை வைத்துப் புதுக்கோடு கீற வேண்டும்.